நான் மாற்றிச் சொன்ன வலி

ஐந்து வாரம், வியாழக்கிழமைதோறும், ஒரு பெண்மணி தன் வலியைச் சொன்னார். ஐந்து வாரமும் நான் அதை டாக்டரிடம் மாற்றிச் சொன்னேன். அவர் தெலுங்கில் தாங்க முடியவில்லை என்றார். நான் தமிழில் பரவாயில்லையாம் என்றேன். தெரியாமல் செய்ததல்ல. இரண்டு மொழியும் எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாத்திரை, நாங்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு அடுத்த அறையில், பூட்டிய அலமாரியில் இருந்தது. அது அவரிடம் போய்ச் சேராமல் குறுக்கே நின்றவன் நான்.

மன்னிப்புக்காக இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன். அவர் கொடுக்கவில்லை. அது அவர் உரிமை. எழுத வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் என்றார்கள். செத்துப்போனவரை ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள். இந்த வயதில் இது எதற்கு என்றார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகுதான் எழுதியே தீர்வது என்று உட்கார்ந்தேன்.

நான் திருச்சிப் பக்கத்துக்காரன். சமூகப் பணியில் முதுகலை படித்துவிட்டு, ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்குப் பர்சனல் ஆபீசராக வந்தேன். பாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளிகள் கன்னடம் பேசினார்கள். சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆட்கள் தெலுங்கு. மதுரை, திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் அவரவர் தமிழ். மேனேஜர் வடநாட்டுக்காரர், ஆங்கிலம் மட்டும். நடுவில் நான். மூன்று வருடத்தில் தெலுங்கும் கன்னடமும் சரளமாக வந்துவிட்டன.

ஒருமுறை கேன்டீன் சாம்பாரில் கரப்பான் பூச்சி கிடந்து வேலை நின்றது. மோல்டிங் ஆள் ஒருவர் மேனேஜர் முகத்துக்கு நேராகத் தட்டை நீட்டி, இதை உங்கள் வீட்டு நாய்க்கு ஊற்றிப் பாருங்கள், அதுகூட மூக்கைத் திருப்பிக்கொள்ளும் என்று தெலுங்கில் கத்தினார். என்ன சொல்கிறான் என்று மேனேஜர் கேட்டார். உணவின் தரத்தை நீங்களே ஒருமுறை பார்வையிட வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்றேன். பசித்தால் தின்பார்கள், போகச் சொல் என்றார் மேனேஜர். நான் ஆட்கள் பக்கம் திரும்பி, சார் உடனே கவனிக்கிறேன் என்கிறார் என்றேன். அரை மணியில் உலை எரிய ஆரம்பித்தது. எனக்கு அந்த வருடம் சம்பள உயர்வு.

ஷாப் ஃப்ளோரில் எனக்கு 'இஸ்திரி சார்' என்று பெயர். எந்தக் கசங்கலையும் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் தேய்த்து மடித்துவிடுவேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இருபது ஆண்டு அப்படிச் செய்தவனுக்கு, ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே இன்னொருவரிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றேன். நெடுஞ்சாலை ஓரத்தில், சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், அப்போது ஒரு சிறிய தரும ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வியாழக்கிழமை மட்டும் புற்றுநோயாளிகளுக்கு ஒரு புறநோயாளர் பிரிவு நடந்தது. 'வலி ஓ.பி.' என்று சனங்கள் சொல்வார்கள். பெங்களூரில் கதிர்வீச்சுக் 'கரண்டு' வைத்து, ஊசி போட்டு, இனிமேல் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அனுப்பப்பட்டவர்கள்தான் அங்கே வருவார்கள். படுக்கை கிடையாது. காலையில் வந்து, டாக்டரிடம் பேசி, ஒரு வாரத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்ப வேண்டும். நோய் போகாது, ஆனால் நோயோடு இருக்கிற நாளில் வலியில்லாமல் தூங்கலாம், சாப்பிடலாம், வீட்டு ஆட்களோடு பேசலாம். அதற்குத்தான் அந்த ஓ.பி.

டாக்டர் ஒரு இளம்பெண். நாகர்கோவில்காரர். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு வியாழன்தோறும் பஸ் ஏறி வருவார். அவருக்குத் தெலுங்கும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அவர் பேசும் தமிழோ எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாதி புரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் நானே போய்ச் சேர்ந்தேன். டாக்டர் மேசைக்குப் பக்கவாட்டில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்தப் பெண்மணி ஐப்பசி மாத மழையில் முதல்முறை வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கர்ப்பப்பை வாயில் புற்று. குருபரப்பள்ளிக்கு உள்ளே ஒரு ஊர். கூட வந்த கணவர் ஒரு கிரானைட் பட்டறையில் காவலாளி. டோக்கன் வாங்கியதும் அவர் என்னை எதிரில் இருந்த டீக்கடைக்கு அழைத்துப்போனார்.

"சார், ஒரு பேச்சு."

"சொல்லுங்க."

"அந்த அலமாரி மாத்தரை இருக்குதில்ல, மார்ஃபினு. அது மட்டும் வேணாம் சார். எங்கூருல ரெண்டு பேருக்குக் குடுத்தாங்க. ஒருத்தரு எட்டு நாளு. இன்னொருத்தரு பத்து நாளு. அவ்ளோதான். அது கடைசி மாத்தரை."

"இத டாக்டர்கிட்ட சொல்லுங்களேன்."

"அந்தம்மா படபடன்னு பேசுது, எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்க சொன்னா கேக்கும். அவளுக்கும் தமிழ் வராது சார். நீங்க என்னா சொல்றீங்களோ அதான்."

அவர் மனைவியைக் கைவிட நினைத்த மனிதரில்லை. இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள நினைத்த மனிதர். இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அவர் பயந்தார், கேட்டார். பயப்படக் காரணமில்லாத நான் சரியென்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கும் அந்த மாத்திரை மேல் அதே பயம் இருந்தது. அதோடு, இரண்டு பக்கத்தையும் நோகாமல் சமாளித்துவிடலாம் என்கிற பழைய திமிர்.

உள்ளே போனோம். ஒன்றுமில்லாததற்குப் பூஜ்யம், பொறுக்கவே முடியாததற்குப் பத்து என்று வைத்தால் உங்கள் வலி எத்தனை என்று டாக்டர் கேட்டார். நான் தெலுங்கில் கேட்டேன். அந்த அம்மாள் சொன்னார்: இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பழுத்த கம்பி இறங்குகிறது. படுக்க முடியவில்லை. சுவரில் முட்டுக்கொடுத்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது, இதற்கு மேல் இருக்காது.

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்புல கொஞ்சம் வலி இருக்காம் டாக்டர். தூக்கம் லேசா கெடுதாம். பத்துக்கு மூணு நாலு சொல்லலாம்" என்றேன்.

டாக்டர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். "முகம் அப்படிச் சொல்லலியே சார்."

"பஸ்ல வந்த அலுப்பு. நாலு வழிச் சாலை போடறேன்னு ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கான். தூக்கித் தூக்கிப் போடுது."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! சாதாரண வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். போகும்போது கணவர் எனக்குக் கும்பிடு போட்டார்.

இரண்டாவது வாரமும் இதே. மூன்றாவது வாரம் அந்த அம்மாள் சொல்லும் விதத்தை மாற்றிப் பார்த்தார். தலை சீவ முடியவில்லை, சோற்றுப் பானையை இறக்க முடியவில்லை, செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது என்றார். நான் அதை "வீட்டு வேலை கொஞ்சம் சிரமமா இருக்காம்" என்று டாக்டரிடம் தந்தேன். நான்காவது வாரம், அப்படியேதான் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஐந்தாவது வாரம் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்ட டாக்டரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். இன்னமும் என்ன சொல்லப்போகிறாய், சொல், கேட்கிறேன் என்பது போல. நானும் சொன்னேன்: "போன வாரம் மாதிரியேதான் டாக்டர்."

ஆறாவது வியாழன் கணவரால் வர முடியவில்லை. பட்டறையில் லாரி லோடு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியோடு அனுப்பியிருந்தார். அவள் மருந்து வரிசையில் நின்றாள். உள்ளே நானும் டாக்டரும் அந்த அம்மாளும். மூலையில் ஆயாம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைப்பவர் அவர்தான். யாருக்கோ மூச்சுத் திணறல் என்று கூப்பிட, டாக்டர் எழுந்து ஓடினார்.

"சார், ஃபேன கொஞ்சம் கொறைங்க. குளுருது" என்றார் அந்த அம்மாள்.

எழுந்துபோய்க் குறைத்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அது தமிழ்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"குந்தாரப்பள்ளி சந்தையில இருவது வருஷமா இட்லிக்கட போட்டிருக்கேன். மாடு வாங்க வர்றவன்ல பாதி தமிழாளு. தமிழ் தெரியாம, சட்னி வேணுமான்னு கைய ஆட்டியா கேப்பேன்?"

மூலையில் ஆயாம்மா சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இந்த எல்லையில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே சந்தையில் நிற்கிற யாரும் ஒரே மொழியோடு பிழைக்க முடியாது. இந்த அம்மாளுக்கு மூன்று மொழியோடு, தோல் வியாபாரிகளின் உருதுவும் வந்தது என்று பிறகு தெரிந்தது. மனைவிக்குத் தமிழ் வராது என்று ஒரு கணவர் சொன்னார். நானும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நம்பினேன்.

"அப்படின்னா... நான் சொன்னதெல்லாம்..."

"அல்லாம் புரிஞ்சுது. மொத நாளே புரிஞ்சுது. பத்துக்கு மூணுன்னீங்க. ரோடு தோண்டிப் போட்டிருக்கான்னீங்க."

"அப்பவே நீங்க டாக்டர்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, அம்மா."

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவும் நான் வெட்கப்படுகிறேன்.

"ஊட்டுக்காரரு பக்கத்துல நிக்கறாரு. நீங்க பெரியவரு, படிச்சவரு. நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, நாலு பேரு எதிர்ல உங்கள பொய்யன்னு சொன்ன மாதிரி ஆவுதில்ல? மாத்தரை தீந்துபோச்சாட்ட இருக்குது, அதான் சார் இப்பிடிச் சொல்றாருன்னு மொத ரெண்டு வாரம் நெனச்சேன். அப்பறம் எனக்கு அடுத்தாளுக்கு அதே அலமாரியத் தெறந்து எடுத்துக் குடுத்தாங்க. பாத்துக்கினேதான் இருந்தேன்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரத்தம் போவுது சார். நாத்தம் வருது. எங்கூட ஒக்காந்து சாப்புட எனக்கே புடிக்கல. அத ரெண்டு ஆம்பளைங்க முன்னால எப்பிடிச் சொல்றது? வாயத் தெறந்து சொன்னதே நாலு வார்த்த. அதையும் நீங்க ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க."

டாக்டர் திரும்பி வந்தார். நான் எழுந்து, "டாக்டர், நான் ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"சார் வெளிய இருக்கட்டும்மா. நானே சொல்லிக்கறேன்" என்றார் அந்த அம்மாள் டாக்டரிடம், தமிழில். பிறகு ஆயாம்மாவைப் பார்த்து, "நீ இரு. நடுவுல எனக்கு வார்த்த வரலன்னா நீ சொல்லு" என்றார்.

வெளியே வந்தேன். கதவு சாத்தப்பட்டது. வராண்டாவில் முக்கால் மணி நேரம் நின்றேன். அந்த அம்மாள் தமிழில் தொடங்கி, வலி வந்த இடத்தில் தெலுங்குக்கு மாறியதும், ஆயாம்மா அதை அப்படியே, குரலைக்கூடக் குறைக்காமல் தமிழில் சொன்னதும் காதில் விழுந்தது. நான் ஐந்து வாரமாகக் கேட்டு விழுங்கிய அதே வார்த்தைகள்தான். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது முழு உருவத்தில் இருந்தன.

மாலையில் ஓ.பி. முடிந்ததும் டாக்டர் என்னை அழைத்தார்.

"எத்தனை வாரம் சார்?"

"அஞ்சு."

அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நானும் அந்த முகத்தப் பார்த்தேன். பார்த்துட்டு உங்க பேச்ச நம்பினேன்" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றே அந்த அம்மாளுக்கு மார்ஃபின் தொடங்கியது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒன்று, படுக்கும்போது இரண்டு. மலம் கட்டாமலிருக்கக் கூடவே மருந்து. நாற்றத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை. அடுத்த வாரம் கணவர் கோபமாக வந்தார். டாக்டர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். ஆயாம்மா தெலுங்கில் சொன்னார். உங்கள் ஊரில் இரண்டு பேருக்கும் சாகப்போகிற வாரத்தில்தான் இதைக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் கொடுத்ததும் செத்த மாதிரித் தெரிகிறது, இது கடைசி மாத்திரை இல்லை, வலிக்கான மாத்திரை. இவ்வளவுதான் விஷயம். யாராவது முன்பே அவருக்குப் புரியும்படி சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. சொல்லவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

வெளியே வந்தவரிடம் போய் நின்றேன். நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் தப்பு செய்துவிட்டேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நான் சொன்னேன் சார். பயத்துல சொன்னேன். நாலாங்கிளாசு படிச்சவன் நானு. போய்யா அறிவுகெட்டவனேன்னு என்னைய நாலு திட்டு திட்டியிருக்கணும் நீங்க. இவ்ளோ படிச்சுட்டு நான் சொன்னத ஏன் சார் கேட்டீங்க?"

அவர் மருந்துச் சீட்டோடு வரிசையில் போய் நின்றார்.

எட்டு நாள் கடந்தது. பத்து நாள் கடந்தது. பொங்கலும் வந்தது. அந்த அம்மாள் சந்தைக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்று ஆயாம்மா சொன்னார். ஒரு சந்தை நாளில் பஸ் ஏறிக் குந்தாரப்பள்ளிக்குப் போனேன். மாட்டுக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம், தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே, ஸ்டூலில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். கணவர் இட்லி எடுத்துக்கொண்டிருந்தார்.

"துணிய நனைச்சு எடுங்க, அல்லாம் பிஞ்சு போவுது. கருங்கல்லுக்குக் காவலு இருந்து இருந்து கையும் கல்லாட்டம் ஆயிடுச்சு உங்களுக்கு" என்று அவரைக் கடிந்துகொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும், "சாருக்கு ஒரு தட்டு வையிங்க" என்றார்.

சாப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் எதிரில் நின்று, நான் செய்ததைச் சுருக்காமல் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றேன். மாட்டுத் தரகர்கள் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த அம்மாள் ஒரு துணியை நனைத்துக் கணவரிடம் நீட்டினார்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா நீங்க ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்குவீங்க சார். நான் அஞ்சு வாரம் தூங்கல. நீங்களும் கொஞ்ச நாளு முழிச்சிருங்க."

"சரிம்மா."

"அங்க எனக்குப் பின்னாடி வர்றவளுக்கும் இதே பண்ணாதீங்க. அது போதும்."

அவர் மாசிக் கடைசியில் இறந்தார். வீட்டில், தூக்கத்தில், கணவர் பக்கத்தில் இருக்க. நான் சாவுக்குப் போனேன். யாரும் என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அந்த மாதமே ஆஸ்பத்திரிக் கமிட்டியில் எழுந்து பேசினேன். செயலாளர் மாங்கூழ் தொழிற்சாலை நடத்துபவர், நல்ல மனிதர், கொடையாளி. நான் நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, இனி வலி ஓ.பி.யில் நோயாளி முதல் பத்து நிமிடம் டாக்டரோடு தனியாகப் பேச வேண்டும், வீட்டு ஆட்கள் வெளியே இருக்க வேண்டும், அவர்களுக்குப் பிறகு தனியாக நேரம் தர வேண்டும் என்றேன். என் நாற்காலியில் ஆயாம்மா உட்கார வேண்டும் என்றேன்.

"மொதல்ல நீங்க இப்ப சொன்னது இந்த ரூமத் தாண்டக் கூடாது" என்றார் செயலாளர். "வெளிய தெரிஞ்சா எவன் நம்பி வருவான்?"

"தெரியட்டும். மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க."

"வயசானவரு, என்னமோ உணர்ச்சிவசப்பட்டு..."

"எனக்கு உணர்ச்சியெல்லாம் இல்ல. எழுதச் சொல்லுங்க. எழுதலன்னா நான் ரோட்டுல நின்னு சொல்வேன்."

இருபது ஆண்டு தேய்த்துப் பேசிய வாய்க்கு அந்த முரட்டுத்தனம் புதிதாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

"சரி, அத விடுங்க. கூட்டறவங்க போயி டாக்டர் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"அவங்களுக்கு மூணு பாஷையும் பொறந்ததுலேருந்து தெரியும். அவங்க பொம்பள. கேட்டத கேட்டபடி சொல்றாங்க. இதுல எது எங்கிட்ட இருக்கு?"

"அப்ப வியாழக்கெழமை வராண்டாவ யாரு கூட்டறது? நீங்களா?"

கமிட்டி சிரித்தது.

"ஆமா, நான்தான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. டாக்டரும் அன்றைக்குப் பெங்களூரிலிருந்து போன் செய்து, இதில்லாமல் இனி நான் வரமாட்டேன் என்று சொன்னார். மூன்று மாதம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த வியாழன் விளக்குமாற்றோடு வராண்டாவில் இறங்கினேன். நோயாளி உள்ளே தனியாகப் பேசுகிற பத்து நிமிடம் கதவைக் காப்பதும் என் வேலை. என் பழைய தொழிற்சாலை ஆள் ஒருவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "என்னா சார், ரிட்டயர் ஆனப்பறம் புரமோஷனா?" என்றார். ஆமாம், கஷ்டப்பட்டு வாங்கினேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, விளக்குமாற்றை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

உள்ளே ஆயாம்மா தன் போக்கில் வெளுத்துக்கட்டினார். ஒரு பெரியவர் சொன்னதை, "நாலு நாளா வெளிய போவலையாம், கல்லாட்டம் நிக்குதாம். உங்க மாத்தரைய உங்க தலையிலயே கொட்டிக்கச் சொல்றாரு டாக்டரம்மா" என்று அவர் சொன்னதும் டாக்டர் சிரித்ததும் வராண்டா வரை கேட்டது. நானாக இருந்தால் லேசான மலச்சிக்கல் என்றிருப்பேன். டாக்டரும் லேசாக மருந்தைக் கூட்டியிருப்பார். பெரியவர் மாத்திரையையே நிறுத்தியிருப்பார். பத்துக்கு எத்தனை என்கிற கேள்வியும் மெல்லப் போயிற்று. ராத்திரி எப்படிப் படுத்தீர்கள், தலை சீவ முடிந்ததா, பஸ்ஸில் உட்கார்ந்து வந்தீர்களா, நின்றுகொண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வர முடியாத அளவுக்கு முடியாமல் போனவர்களுக்கு வீட்டு ஆள் வந்து மருந்து வாங்கிப்போகலாம் என்றும் ஆயிற்று. ஆனால் அந்த வாரம் நோயாளி என்ன சொன்னார் என்பதை நோயாளியின் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது இன்னொரு பொய். சில குடும்பங்கள் வருவதை நிறுத்திவிட்டன. எங்களுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுப் பெண்ணிடம் தனியாக என்ன பேச்சு என்று கேட்டவர்கள் உண்டு. நோய் இன்னதென்று தெரியாமலே வைத்திருந்தோம், நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒரு மகள் என் முன்னால் அழுதாள். அவள் சொன்னது முழுக்கத் தவறென்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று மொழியிலும் வசவு வாங்கினேன். செயலாளர் ஒவ்வொரு மாதமும், இன்னும் எத்தனை நாள் இது என்றார். உங்களால் முடிந்தால் என்னை அந்தக் கதவிலிருந்து எடுத்துப் பாருங்கள் என்றேன். எடுக்கவில்லை.

ஒரு வியாழன், தளிப் பக்கத்திலிருந்து ஒரு மகன் தன் தகப்பனைக் காரில் கொண்டுவந்தான். வாட்டசாட்டமான ஆள். தகப்பனுக்குத் தொண்டையில் புற்று; ஈனக் குரலில் கன்னடம் பேசுவார். உள்ளே அவரை மட்டும் கூப்பிட்டதும் மகன் எழுந்தான்.

"நானும் வர்றேன். எங்கப்பாவுக்குச் சொல்லத் தெரியாது. எல்லாம் நான்தான் சொல்வேன்."

"பத்து நிமிஷம் தம்பி. அப்புறம் உங்களக் கூப்பிடுவாங்க."

"நீ யாருய்யா கேக்கறதுக்கு? கூட்டறவன் கூட்டற வேலையப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். நீங்க உக்காருங்க."

தோளைப் பிடித்துத் தள்ளினான். கதவு நிலையில் மோதி, சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். விளக்குமாறு உருண்டது. யாரோ ஐயையோ என்றார்கள். நான் கையை ஊன்றி எழுந்து மறுபடி கதவுக்கு நேரே நின்றேன். அவன் மறுபடி கையை ஓங்கினான். அப்போது கதவு ஒரு சாண் திறந்து ஆயாம்மாவின் தலை மட்டும் வெளியே வந்தது.

"யாரது சத்தம்? சும்மா இருங்கப்பா. உங்கப்பா இப்பத்தான் வாயத் தெறந்து பேச ஆரம்பிச்சிருக்காரு."

கதவு மூடியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அந்தக் கிழவரின் கம்மிய குரல் கேட்டது. பிறகு அதே வார்த்தைகள் ஆயாம்மாவின் தமிழில். மகன் கதவுக்குக் காது கொடுத்தான். பதற்றத்தில் எதுவும் அவன் காதில் ஏறவில்லை போலும். என் பக்கம் திரும்பினான்.

"என்னா சொல்றாரு?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது, ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"வெளிய வந்ததும் அவரையே கேளுங்க" என்றேன்.

அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் குனிந்து விளக்குமாற்றை எடுத்து, அவன் செருப்பில் வந்த செம்மண்ணைக் கூட்ட ஆரம்பித்தேன்.